தரையில் படுத்துப் பார்த்த வீடுகள்

காலி வீட்டுக்குள் போனதும் வெறும் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு மூன்றாவது வீட்டில் தொடங்கியது. பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் பக்கம், ஏழாவது மாடி. அன்றைக்கு லிஃப்ட் பழுது. படி ஏறிய களைப்பில் கூடத்தின் நடுவில் உட்கார்ந்தவள், அப்படியே சாய்ந்துவிட்டேன். தரை சில்லென்று இருந்தது. கூரையில் பழைய விசிறி மாட்டியிருந்த கொக்கி மட்டும் தெரிந்தது. எங்கோ கீழே யாரோ கம்பளம் தட்டும் சத்தம் வந்து வந்து போயிற்று. கண்ணை மூடினேன். அந்த வீட்டில் நான் ஏற்கெனவே பல வருடம் குடியிருந்து, ஒரு மதியத்தில் தூங்கி எழுவது போல இருந்தது.

வீடு பார்த்துக் கொடுக்கும் அண்ணன் சாவிக்கொத்தோடு வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய தமிழ் முஸ்லிம். முன்பு தன் சகோதரரின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் கல்லாவில் இருந்தவர். இப்போது இரண்டு கைபேசியும் ஒரு பழைய காருமாக வாடகை வீடு காட்டுகிறார். மயக்கமா என்று கேட்டார். இல்லை, வீடு பார்க்கிறேன் என்றேன். அவர் வெளியே போய்க் கைபேசியில் யாருடனோ பேசத் தொடங்கினார். நான்காவது வீட்டிலிருந்து, நான் படுப்பதற்கு முன்பே அவர் வெளியே போய்விடுவார்.

அவர் பார்க்காத குடித்தனக்காரர் இல்லை. காரில் போகும் வழியெல்லாம் அந்தக் கதைதான். முன்பெல்லாம் வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா, கோவில் பக்கமா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்பார்களாம். இப்போது வருகிறவர்கள் முதலில் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அறை அறையாகச் சுற்றுகிறார்களாம், இணையம் எத்தனை கோடு காட்டுகிறது என்று. அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டி நிற்பார்களாம். சுவரில் பிளக் எத்தனை என்று எண்ணுவார்கள். பார்சல் வந்தால் கீழே காவலுக்கு இருக்கும் ஜாகா வாங்கி வைப்பாரா, பூனை வளர்க்கலாமா, பக்கத்து வீட்டில் குழந்தை அழுமா என்று கேட்பார்கள். ஒரு பையன் வந்து, காலை பத்து மணிக்கு இந்தச் சுவரில் வெளிச்சம் எப்படி விழும் என்று கேட்டானாம், வீடியோ எடுப்பதற்காக.

“பக்கத்து வூட்ல யாரு இருக்கான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல தங்கச்சி. சத்தம் போடுவாங்களான்னுதான் கேக்கறாங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் அதையேதான் கேட்டிருந்தேன். என் வேலை அப்படி. ஆஸ்திரேலியாவில் ஒரு பல் மருத்துவமனைக்கு வருகிற தொலைபேசிகளை நான் இங்கிருந்து எடுக்கிறேன். அங்கே நேரம் முந்தி ஓடுவதால் காலை ஆறு மணிக்கெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பல்வலிக்காரர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்க உட்கார்ந்துவிடுவேன். நாய் குரைக்கக் கூடாது, மின்சாரம் போகக் கூடாது, இணையம் அறுந்தால் சம்பளம் அறுந்தது மாதிரி. மதியம் இரண்டுக்கு வேலை முடிந்ததும், எதிர்க்கரையில் நான் குடியிருக்கும் பிறை என்ற ஊரிலிருந்து கிளம்பி ஃபெர்ரி ஏறித் தீவுக்கு வருவேன். கப்பலின் கம்பியில் சாய்ந்து நின்று ஜோர்ஜ் டவுன் மெல்ல மெல்லப் பெரிதாவதைப் பார்ப்பேன். அந்த உயரக் கட்டடங்களின் ஆயிரம் சன்னல்களில் எது என்னுடையது என்று யோசித்துக்கொண்டே வருவது அந்த மாதத்தில் எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

அந்த மாதத்துக்கு ஒரு கெடு இருந்தது. எனக்கும் என் கணவருக்கும் திருமணமாகிப் பத்து வருடம். அதில் ஒன்பது வருடம் அவர் சிங்கப்பூரில். ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறார். கம்பெனி விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர், அடுக்குக் கட்டில், அவருக்குக் கீழ்க் கட்டில். நான் பிறையில் ஒரு தனி வீட்டின் மாடி அறையில், வீட்டுக்காரர்களோடு பொதுவான அடுப்படியில். மாதம் இரண்டு முறை பஸ் ஏறி வருவார். வரும்போது ஒரு கறுப்புப் பை. அதை அறைக் கதவுக்குப் பக்கத்தில் வைப்பார். வேண்டிய துணியை அதிலிருந்தே எடுப்பார், அழுக்கானதை அதிலேயே திணிப்பார். அந்தப் பையின் ஜிப் முழுதாகத் திறந்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அது எழுந்து போய்விடும், கூடவே அவரும்.

மற்ற நாட்களில் சாயங்காலம் கைபேசியில் முகம் பார்ப்போம். அவர் தலைக்குப் பின்னால், கட்டில் கம்பியில் ஒரு சின்ன நீலநிறக் கவ்வு விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். கவ்வு உடைந்து பல வருடமாகிவிட்டது, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார். கடகடவென்று ஒரு சத்தம் அதில் உண்டு. எனக்கு அவர் குரலும் அந்தக் கடகடப்பும் ஒன்றாகவே பழகிப்போயின. நேரில் வந்து பேசும்போது ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

அவருடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்லி அங்கே கேட்டார்கள். இங்கே தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை, சம்பளம் குறைவுதான், வா என்று கூப்பிட்டது. கடைசித் திங்கட்கிழமைக்குள் சிங்கப்பூருக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். “நீ மொதல்ல வீடு பாரு. மனசுக்குப் புடிச்ச மாதிரி அமைஞ்சா வந்துர்றேன்” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். கட்டிய மனைவி இழுக்காத ஆளை நான்கு சுவர் வந்து இழுக்கப்போகிறதா என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். சரி, வீடுதான் இழுக்கும் என்றால் இழுக்கிற வீடாகவே பார்க்கிறேன் என்று கிளம்பினேன். இன்னும் மூன்று வருடம் அந்தக் கறுப்புப் பையோடு குடித்தனம் நடத்த என்னால் முடியாது. அதை அவரிடம் சொல்லவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீடு கிடைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. என் தமிழ்ப் பெயரைக் கேட்டதும் சில வீடுகள் அந்த நிமிடமே வாடகைக்குப் போய்விட்டன. ஒரு வீட்டுக்காரம்மா, சமையல் லேசாகத்தான் செய்ய வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பினார். ரசம் லேசா, கனமா என்று நான் கேட்டேன். அண்ணன் சிரிக்காமல் யோசித்தார். “ரசம் லைட்டுதான். தாளிக்கிறதுதான் ஹெவி” என்றார். தாளிக்காத ரசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் நான் வாழ்ந்துவிட்டுத்தான் வந்தேன். பினாங்கு ரோட்டுக்குப் பின்புறம் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடி, மரச் சன்னல், படுத்தால் சுவரில் இலை நிழல் நீந்தும். தஞ்சோங் தோக்கோங் பக்கம் கடலை ஒட்டிய ஓர் அடுக்குமாடி, நீச்சல் குளத்தின் வெளிச்சம் கூரையில் நெளியும். அங்கே படுத்தபோது கொஞ்ச நேரம் தண்ணீருக்கு அடியில் இருந்தேன். ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடி வீடு ஒன்று. பால்கனியில் நின்றால் கடல், பாலம், அதற்கு அப்பால் பிறையின் மின்நிலையப் புகைபோக்கிகள். ஒன்பது வருடம் நான் காத்திருந்த இடம் எதிர்க்கரையில் சின்னதாய், ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது. கதவைத் திறந்ததும் உள்ளே புகுந்த காற்று என் முந்தானையைக் கூட்டிக்கொண்டு அடுப்படி வரை போய் வந்தது.

ஒவ்வொரு வீட்டையும் கைபேசியில் வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் அவர் ஒரு குறை கண்டுபிடித்தார். கடைவீட்டில் படி செங்குத்து. கடலோர வீட்டில் உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும். ஆயர் ஈத்தாமில் லிஃப்ட் ஒன்றுதான். ஜெலுத்தோங்கில் கூடம் குறுகல். ஏழாவது வீட்டுக்கு, படுக்கையறை சன்னல் சின்னது என்றார். நான் வெடித்துவிட்டேன்.

“வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லிருங்க. சன்னல் மேல பழி போடாதீங்க” என்றேன்.

விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னார். “வீடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒன்னுலயும் நான் எங்க இருப்பேன்னு நீ காட்டலயே.”

நான் பட்டென்று தொடர்பைத் துண்டித்தேன். வீடு பூராவும்தானே இருப்பீர்கள், இதென்ன கேள்வி என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். கீழே வீட்டுக்காரர்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள், நான் கத்துவதைக் கேட்க.

கோபம் ஆறுவதற்காக அந்த வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், நான் செய்ததில் தப்பில்லை என்று எனக்கு நானே நிரூபிக்க. என் குரல் வீடு வீடாக நடந்தது. இந்தச் சுவரோரம் மேசை போட்டால் எனக்குப் பின்னால் வெளிச்சம் விழாது. இந்த மூலையில் என் செடிகள். இங்கே இஸ்திரிப் பலகை. இந்தச் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் வேலை செய்யலாம், ஆறு மணியிலிருந்து யாரும் உள்ளே வரக் கூடாது. அங்கும் இங்கும் நடந்த அந்தக் குரல், ஐந்தாவது வீட்டில், சமையலறைக்கு வெளியே இரண்டடி இடத்தைக் காட்டி, பிற்பாடு ஒரு பூனை வளர்த்தால் இங்கே படுத்துக்கொள்ளும் என்று சொன்னது.

வராத பூனைக்குக்கூட நான் இடம் ஒதுக்கியிருந்தேன். என் கணவர் எங்கே உட்காருவார், எங்கே துணி வைப்பார், நான் கதவைச் சாத்திக்கொண்டால் அவர் எந்தப் பக்கம் நடமாடுவார் என்று ஏழு வீட்டிலும் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு முகம் சுட்டது. ஒன்பது வருடத் தனிமையில் அவருக்கு ஒரு கட்டிலும் எனக்கு ஓர் அறையும் பழகிப்போயிருந்தன. காலி வீடுகளில் நான் படுத்த இடமெல்லாம் நினைவுக்கு வந்தது. எல்லா வீட்டிலும் சரியாக நடுவில்தான் படுத்திருக்கிறேன்.

மறுநாள் ஜெலுத்தோங் வீட்டை இன்னொரு முறை திறந்து காட்டச் சொல்லி அண்ணனைக் கேட்டேன். அவர் வழக்கம்போல வாசலிலேயே நின்றுகொண்டார். காற்று அதே மாதிரி வந்தது. கூடத்தில் சுவரோரமாக, ஒருக்களித்துப் படுத்தேன். பக்கத்தில் ஓர் ஆள் அளவு தரை காலியாக இருந்தது, பால்கனி வெளிச்சம் அதில் நீளமாக விழுந்திருந்தது. அந்தத் தரையை மட்டும் ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டியதை எல்லாம் எழுதினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக்கோடு காட்டியது. பதில் இல்லை. அன்று இல்லை, மறுநாளும் இல்லை. நான் ஆஸ்திரேலியாக்காரர்களுக்குத் தப்புத் தப்பாக நேரம் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது. பால் என்றைக்குக் காய்ச்சுகிறாய்?

வெள்ளிக்கிழமை என்று எழுதினேன். திங்கட்கிழமைப் பதில் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பால் காய்ச்ச வருகிறவர் எல்லாம் குடியிருக்க வருகிறவர் இல்லை என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். வந்தாலும் வராவிட்டாலும் இந்த வீடு வேண்டும் என்று நானே கையெழுத்துப் போட்டேன். சமையல் லேசாக, காஸ் அடுப்பு கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதைப் படித்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன். காலை பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன் பால் பொங்க வேண்டும். ஜோர்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் புதிதாக வாங்கிய பித்தளைச் சொம்பு, ஒரு சாமிப் படம், சின்ன விளக்கு, பூ, பால், சீனி, கொஞ்சம் காகிதக் குவளை, இவ்வளவுதான் வீட்டில். மற்ற பாத்திரமெல்லாம் மறுநாள் லோரியில் வரும். அவருடைய பஸ் தாமதம். ஒன்பதரைக்குத்தான் வந்தார், கண்கள் சிவந்து, தோளில் அந்தக் கறுப்புப் பை. உள்ளே நுழைந்ததும் பழக்கம் மாறாமல் பையைக் கதவோரம் வைத்தார். 

விளக்கேற்றிக் கும்பிட்டோம். சொம்பில் பாலை ஊற்றி, கண்ணாடி போல வழவழவென்றிருந்த மின்அடுப்பில் வைத்துப் பொத்தானைத் தொட்டேன். அடுப்பு பீப் என்றது. ஏதோ ஒரு எழுத்து மின்னியது. அணைந்தது. மறுபடி தொட்டேன், மறுபடி பீப். மணி பத்தாகப் பத்து நிமிடம். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் வந்து குனிந்து பார்த்தார். குளிர்ப்பெட்டிக் கதவில் பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன காந்தப் பொம்மை ஒன்று இருந்தது. அதை எடுத்துச் சொம்பின் அடியில் வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது.

“காந்தம் ஒட்டாத சட்டி இதுல சூடாவாது மா. பித்தளைய அது சட்டின்னே ஒத்துக்காது” என்றார்.

இணையம் எத்தனை கோடு, பிளக் எத்தனை, சுவரில் வெளிச்சம் எப்படி என்று எல்லாம் பார்த்த நான், பால் பொங்குமா என்று பார்க்கவில்லை. சொம்பை வெறித்தபடி நின்றேன். சகுனம் கெட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். திரும்பினால் அவரைக் காணோம்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அங்கிருந்த சீன ஆன்ட்டியிடம் மலாயில் அவர் பேசுவது கேட்டது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டுக்கூட வைக்கவில்லை, அவர் வந்து இருபது நிமிடத்தில் அவர்கள் வீட்டு அடுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் சட்டி வைத்துச் சுற்றி உட்கார்ந்து சூப் சாப்பிடுவார்களே, அந்த ஸ்டீம்போட் அடுப்பு, சின்னக் காஸ் டின்னோடு. அதைப் பால்கனித் தரையில் வைத்துப் பற்றவைத்தார். ஒப்பந்தம் அன்றைக்கே மீறப்பட்டது.

ஆனால் எந்தக் காற்றுக்காக நான் அந்த வீட்டை எடுத்தேனோ அந்தக் காற்று தீயைப் பாத்திரத்தில் படவே விடவில்லை. நீல நாக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. அவர் காற்று வருகிற பக்கமாகப் போய், கம்பிக்கு முதுகைக் கொடுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். தீ நிமிர்ந்தது. அவருக்குப் பின்னால் கடல், பாலத்தில் எறும்பாய் ஊரும் வண்டிகள், மங்கலாகப் பிறை. சட்டை காற்றில் உப்பியிருந்தது. ஆன்ட்டி வாசலில் நின்று, இது என்ன பூஜை என்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே போய் ஓர் அன்னாசிப் பழத்தைக் கொண்டுவந்து, புது வீட்டுக்கு இது எங்கள் வழக்கம் என்று சொல்லி, எங்கள் கூடத்துக்குள் உருட்டிவிட்டார். அது உருண்டு உருண்டு கறுப்புப் பையில் முட்டி நின்றது.

பத்து இருபதுக்குப் பால் பொங்கியது. நுரை எழுந்து, சொம்பின் விளிம்பில் ஒரு கணம் தயங்கி, அவர் பக்கமாக வழிந்து காலில் பட்டது. சுட்டிருக்க வேண்டும். கையால் துடைத்தாரே தவிர, எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தீ அணைந்துவிடும் என்று உட்கார்ந்தே இருந்தார்.

மூன்று பேரும் பால் குடித்தோம். ஆன்ட்டி அடுப்பை நாளைக்குக் கொடுத்தால் போதும் என்று போய்விட்டார். என் கணவர் கூடத்துத் தரையில், நான் படம் எடுத்து அனுப்பிய அதே இடத்தில் காலை நீட்டிப் படுத்தார். வெளிச்சம் அவர் மேல் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டார். திங்கட்கிழமை என்ன பதில் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவர் காலில் பால் காய்ந்து பிசுபிசுத்தது. துடைக்கலாம் என்று துண்டு எடுக்கப் போனேன்.

துண்டு அவர் பையில்தான் இருக்கும். அன்னாசியை நகர்த்திவிட்டு ஜிப்பை இழுத்தேன். அது திறந்துகொண்டே போயிற்று. மேலே தலையணை உறை. அதன் கீழே பிடி உடைந்த தேநீர்க் குவளை, விடுதி அலமாரியின் பூட்டு, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், செய்தித்தாளில் சுற்றி, கம்பி கட்டிய அந்த நீல விசிறி. இறக்கைகளில் ஒன்பது வருடத் தூசி.

கையில் அதை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். வாய்விட்டு அழுதேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“அத எங்க மாட்டலாம்னு சொல்லு” என்றார்.